நடுக்கோட்டுச் சத்தியம்

குத்துக்கல்வலசை, தென்காசி
11-6-1961

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு, தங்கை ஜெபமலர் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் பாப்பா பாக்கியமும் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? கடைப் பரணில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுக்காதீர்கள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

சாரல் இந்த வருஷம் முந்திக்கொண்டது. குற்றாலத்துக்குப் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பாப்பாவின் துணி மூன்று நாளாகக் கொடியில் கிடந்தும் காயவில்லை.

நீங்கள் கண்ணை ஓட்டித் தேடுவது எது என்று எனக்குத் தெரியும், எழுதிவிடுகிறேன். சங்கரன்கோவில் சடுகுடுப் போட்டியில் நம் சாரல் குழு ஜெயித்துவிட்டது. கடைசியில் எதிர்ப்பக்கம் நாலு பேர், நம் பக்கம் இவர் ஒருவர்தான் மிச்சம். சடுகுடு, சடுகுடு என்று மூச்சை விடாமல் பாடிக்கொண்டு போய், இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, மற்ற இரண்டு பேர் காலைப் பிடித்து இழுக்க இழுக்க நடுக்கோட்டுக்கு வந்துவிட்டாராம். ஊரே தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருக்கிறது. வழக்கம்போல ஒரு துண்டு போர்த்தினார்கள். ஒவ்வொரு ஜெயத்துக்கும் ஒரு துண்டு. அண்ணா, எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலி, துண்டுப் பெட்டி நிறைந்திருக்கிறது. பாப்பாவுக்குத் தூளி, எனக்குத் தலை துவட்ட, அடுப்பில் சட்டி பிடிக்க எல்லாம் துண்டுதான்.

வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர மனசு வேடிக்கையாக இல்லை. போட்டிக்கு வெளியூர் போனால் மண்டியில் மூட்டை தூக்குகிற கூலி அன்றைக்குக் கிடையாது. இந்த மாதம் பாதி நாள் அப்படித்தான் போயிற்று. குழுவுக்கு வருமானம் இல்லாமல் இல்லை. தட்டி கட்டி டிக்கெட் போடுகிறார்கள், ஜனம் இவரைப் பார்க்கத்தான் வருகிறது. குழுவை ஆரம்பித்தவர் நீங்கள். தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி உங்கள் சொல்லைத் தட்ட மாட்டார். ஆடப் போகிற நாளுக்குக் கூலியாவது கொடுங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நான் எழுதியது இவருக்குத் தெரியாது, தெரிந்தால் என்னோடு பேச மாட்டார். இவருக்கு வலது முழங்கால் எழுந்திருக்கும்போது சத்தம் போடுகிறது. கேட்டால் சிரிக்கிறார். கொஞ்சம் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அன்புத் தங்கை,
ஜெபமலர்

*

மாட்டுங்கா, பம்பாய்
19-6-1961

என் அருமைத் தங்கை மலருக்கு, அண்ணன் அருமைநாயகத்தின் ஆசீர்வாதம். நான் நலம். மாப்பிள்ளை ஞானதுரைக்கும் பாப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கடையில் கூட இருக்கிற இரண்டு பேரும் பாலக்காட்டுக்காரர்கள், அவர்களிடம் சடுகுடுவைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் ராத்திரி பரணில் ஏறி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு பேருக்கு நடுவில் ஒருவர்! அந்தக் கடைசி இருவரும் எந்தக் காலைப் பிடித்தார்கள்? குப்புற விழுந்தாரா, மல்லாந்து விழுந்தாரா? கையை நீட்டித் தொட்டாரா, காலாலா? இதையெல்லாம் கேட்டு எழுதாமல் துண்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாயே!

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மலர், நம் குழு எப்படித் தொடங்கியது என்று உனக்கு மறந்துவிட்டதா? குத்துக்கல்வலசைப் பொட்டலில் கள்ளியை வெட்டி நாங்களே கோடு கிழித்தோம். அப்போது இந்தப் பக்கத்தில் பணக்காரர்கள் காசு கொடுத்து ஆளைப் பிடித்து ஆடுவார்கள். அடுத்த வாரம் அவனே எதிர்ப்பக்கம் நிற்பான். நம் பையன்கள் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொருவனையும் நடுக்கோட்டு மண்ணைத் தொடவைத்து, ‘காசுக்கு ஆட மாட்டேன், வேறு குழுவுக்குப் போக மாட்டேன்’ என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். முதலில் தொட்டவர் உன் வீட்டுக்காரர்தான். அப்போது அவர் எனக்கு மாப்பிள்ளைகூட இல்லை.

இங்கே காலையிலிருந்து ராத்திரி வரை காசுக்குத்தான் நிற்கிறேன். காசில்லாமல் நான் செய்த ஒரே காரியம் அந்தக் குழுதான். அதையும் கடையாக்கச் சொல்கிறாயே. மாப்பிள்ளை கேட்கவில்லை பார், அவருக்குப் புரிகிறது.

அவர் சத்துக்கு முட்டை வாங்கிக் கொடுக்கப் பத்து ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். மூச்சு எப்படி இருக்கிறது? பீடி பக்கம் போகவிடாதே. குற்றாலம் சாரல் கோப்பைக்கு எப்போது தேதி வைக்கிறார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்பு மாறாத அண்ணன்,
அருமைநாயகம்

*

குத்துக்கல்வலசை
8-7-1961

பிரியமுள்ள அண்ணனுக்கு ஜெபமலர் எழுதுவது. தேவ கிருபையால் சுகம். உங்கள் சுகத்தை விவரமாக எழுதுங்கள், ‘நலம்’ என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள்.

பத்து ரூபாய் வந்தது. முட்டை வாங்கினேன். ஏது என்று இவர் கேட்டார், பிறந்த வீட்டுச் சீர் என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லைதானே?

நானும் நேரே போய் அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வருகிற வழியில் அவர் கடை வாசலில் நின்றேன். மனிதர் கோபப்படவில்லை. கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, “ஏம்மா, ஞானதுரை நம்ம வீட்டுப் பிள்ளைல்லா. வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சம்பளம் குடுப்பாகளா? அவனைக் கூலிக்காரன் ஆக்கச் சொல்லுதியே, ஊரு என்ன பேசும்?” என்றார். கூலிக்காரர்தானே அண்ணாச்சி, மூட்டை தூக்குகிறவர்தானே என்று வாய் வரை வந்தது. கலரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. மதுரைப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து இவரைப் பார்த்திருக்கிறார். மில்லுக்குச் சடுகுடுக் குழு இருக்கிறதாம். அங்கே சேர்ந்தால் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், குடியிருக்க மில் லைன் வீடு. ஆட்டம் முடிந்துபோனாலும் வேலை போகாது. ஆவணி முதல் தேதி சேர வேண்டும். இவர் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார், என்னிடம் மூச்சு விடவில்லை. அடுத்த வீட்டு ஷமீம் பானு சொல்லித்தான் தெரியும், அவள் வீட்டுக்காரர் மண்டியில் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

ராத்திரி கேட்டேன். “ஏட்டி, மச்சான் கையில அடிச்சுச் சொல்லியிருக்கேன். சத்தியம் வாங்குனவுக விட்டேன்னு சொல்லணும். நானா எப்படிப் போவேன்?” என்றார். சத்தியம் பண்ணுவதே நம் சபைக்கு ஆகாது என்றேன். “பண்ணியாச்சே” என்று திரும்பிப் படுத்துவிட்டார். ஆனால் தூங்கவில்லை அண்ணா. லைன் வீட்டில் குழாய் இருக்குமோ என்று கொஞ்ச நேரம் கழித்து இருட்டில் கேட்டார்.

சம்பளம் கொடுக்கச் சொல்லி இனி நான் கேட்கவில்லை. குழு கொடுக்க வேண்டாம். ‘உங்களைச் சத்தியத்திலிருந்து விட்டேன்’ என்று நீங்கள் இவருக்கு ஒரு கார்டு போடுங்கள். மில்காரர் ஆடிக் கடைசியில் இன்னொரு தடவை வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். முழங்காலில் இப்போது காலையில் வீக்கம் இருக்கிறது. நடந்தால் வடிகிறது.

எதிர்பார்த்திருக்கும்,
ஜெபமலர்

*

மாட்டுங்கா
28-7-1961

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நான் சுகம். எல்லோரும் சுகம்தானே?

உடனே பதில் எழுத முடியவில்லை. கடையில் சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தது என்று எழுத நினைத்தேன். அதில்லை. கார்டு வாங்கி விலாசம்கூட எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை.

இங்கேயும் சடுகுடு உண்டு, உனக்குத் தெரியுமா? ஹுதுது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை அடைத்ததும் தாதர் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போய் நிற்பேன். மழையென்றாலும் ஆடுவார்கள். நன்றாகத்தான் ஆடுகிறார்கள், ஆனால் யார் ஜெயித்தால் எனக்கென்ன? ஒரு ஆளையும் தெரியாது. இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, எல்லோருக்கும் நான் மதராஸி. மைதானத்தில் நிற்கும்போது இந்நேரம் நம் பொட்டலில் ஞானதுரை துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு இறங்குவார் என்று நினைப்பேன். அதை நினைத்துக்கொண்டு திரும்பி வந்து படுத்தால் தூக்கம் வரும். அவர் மதுரைக்காரர்களுக்கு ஆடினால் நான் எதை நினைப்பேன்? என்மேல் சிரிக்காதே.

நான் ஒரேயடியாக முடியாது என்று சொல்லவில்லை. சாரல் கோப்பை ஆவணி முதல் ஞாயிறு என்று இலத்தூர் சங்கிலிப்பாண்டியின் அப்பா ஒரு கார்டில் எழுதியிருந்தார். அந்தப் பையன் சங்கிலிப்பாண்டியும் இப்போது நம் குழுவில் நன்றாகப் பாடிப் போகிறானாமே. எத்தனை வருஷமாகக் கைக்கு எட்டி எட்டிப் போன கோப்பை அது! மாப்பிள்ளை அதை வாங்கிக் கொடுத்துவிடட்டும். மறுநாளே விடுவிக்கிறேன். மில்காரன் நல்ல ஆட்டக்காரனுக்காக நாலு நாள் பொறுக்க மாட்டானா? பொறுப்பான்.

அவர் மூச்சைக் கவனித்துக்கொள். இறுதி ஆட்டத்தை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

அண்ணன்,
அருமைநாயகம்

*

குத்துக்கல்வலசை
17-8-1961

அண்ணனுக்கு ஜெபமலர் எழுதுவது. சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

மில்காரர் திங்கட்கிழமை வந்தார். நாலு நாள் பொறுங்கள் என்று நானே கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். நல்ல மனிதர்தான். “எனக்குச் சம்மதம்தாம்மா, ஆனா ஆவணி ஒண்ணுல மில் மஸ்டர் நோட்டுல பேர் ஏறணும். இல்லேன்னா அந்த இடத்துக்கு இன்னொருத்தனை எடுத்திருவாங்க” என்றார். இவர் அவரை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிப்போய் ஏற்றிவிட்டு வந்தார். ஆவணி நேற்றோ இன்றோ பிறந்துவிட்டது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எழுதாமல் மறைக்க எனக்குத் தெரியவில்லை.

வீக்கம் இப்போது நடந்தாலும் வடிவதில்லை. இரண்டு துண்டைக் கிழித்து முழங்காலில் சுற்றிக்கொண்டு பழகப் போகிறார். வேறு சங்கதியில்லை.

ஜெபமலர்

*

(கார்டு)
பம்பாய், 27-8-1961

அன்புத் தங்கைக்கு. நலம், நலமறிய ஆவல். கோப்பை ஆட்டம் போன ஞாயிறு நடந்திருக்குமே, முடிவு என்ன? தினமும் தபால்காரரைக் கேட்கிறேன். தந்தி கொடுத்திருந்தால்கூடக் காசு நான் அனுப்பியிருப்பேன். உடனே எழுது.

அருமைநாயகம்

*

(கார்டு)
பம்பாய், 8-9-1961

மலர், என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். ஜெயமா தோல்வியா என்று ஒரே ஒரு சொல் எழுது. தோற்றிருந்தாலும் பரவாயில்லை. எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

அண்ணன்

*

குத்துக்கல்வலசை
17-9-1961

அண்ணனுக்கு ஜெபமலர் எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம்.

ஜெயம்தான். கோப்பை நமக்குத்தான்.

விவரமாக எழுதச் சொன்னீர்கள். நான் ஒருநாளும் ஆட்டம் பார்க்கப் போனதில்லை, அன்றைக்குப் போனேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷமீம் பானுவும் கூட வந்தாள். சாரல் தூறிக்கொண்டே இருந்தது, கோடு அழிய அழியச் சாம்பலைப் போட்டார்கள். முதல் பாதியில் நாம் பின்தங்கிவிட்டோம். இவர் நொண்டுவது எனக்குத் தெரிந்தது. ஜனத்துக்குத் தெரியவில்லை, “ஏலே, பதுங்குதான் பாரு, இப்பம் பாய்வான்” என்று எனக்குப் பின்னால் ஒருவர் கத்தினார். கடைசி ஆட்டத்தில் பாடிப் போனார். மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அடியிலிருந்து பாட்டுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது அண்ணா, நிற்கவேயில்லை. அப்புறம் ஒரு கை வெளியே வந்து கோட்டைத் தொட்டது. அதோடு ஜெயம்.

எல்லோரும் மேலே குதித்துத் தூக்கினார்கள். “இறக்குங்கலே, இறக்குங்கலே” என்று இவர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

முழங்கால் பிசகிவிட்டது. முதலில் எலும்பு கட்டுகிறவர் வந்து பச்சிலை வைத்துக் கட்டினார், பிறகு ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தோம். இப்போது படுத்திருக்கிறார். கோப்பையை லாரியில் வைத்துத் தென்காசி ரதவீதியெல்லாம் மேளத்தோடு சுற்றி வந்தார்களாம். சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்றால், எழுத வரவில்லை. அவ்வளவுதான்.

ஜெபமலர்

*

மாட்டுங்கா
1-10-1961

என் உயிருக்கு இனிய தங்கைக்கு அண்ணனின் வாழ்த்துக்கள். கோப்பை வந்துவிட்டது! பரணில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன், பாலக்காட்டுக்காரர்கள் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்து ஏறி வந்துவிட்டார்கள். அந்தக் கையைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. நான் அங்கே இல்லாமல் போனேனே.

இன்னொரு சங்கதி. போன ஞாயிறு தாதர் மைதானத்தில் கண்பத் என்று ஒருவரோடு பழக்கமாயிற்று. எனக்குத் தெரிந்த இந்தியும் அவருக்குத் தெரிந்த இந்தியும் ஒன்றுக்கொன்று சரியாகப் போயிற்று. ஒரு மில் குழுவில் பெரிய ஆட்டக்காரராம். காலில் அடிபட்டு ஆட்டம் நின்று வெகு வருஷமாகிறது. ஆனால் மில் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. “ஆடினேன், மில்லுக்குப் பெயர் வந்தது, மில் என்னைப் பார்த்துக்கொள்கிறது” என்று சாதாரணமாகச் சொன்னார். நீ சொன்னதைத்தான் அவரும் சொன்னார், அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று ராத்திரியே ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு நாலு பக்கம் எழுதிவிட்டேன். ‘நான் வாங்கிய சத்தியத்தை எல்லோருக்கும் விட்டுவிட்டேன். ஜனம் டிக்கெட் வாங்கி வருவது ஆட்டக்காரனைப் பார்க்கத்தான். குழுவைத் தோளில் தூக்கிப் பாடிப் போகிறவனுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காத குழு என் குழு இல்லை’ என்று உறைக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். படித்தால் உனக்கே சந்தோஷமாக இருக்கும்.

மாப்பிள்ளையின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. தங்கை புருஷனுக்காகப் பேசுகிறான் என்று நாளைக்கு ஒருவன் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது பார். பெயர் எழுதித்தானா தெரிய வேண்டும்? படிக்கிற யாருக்கும் அது யார் என்று புரியாதா?

தைப் பொங்கல் போட்டிக்குள் இறங்கிவிடுவார் அல்லவா? அதற்குள் மூச்சுப் பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள். படுத்தபடியே பாடிப் பழகலாம் என்று சொல்.

மகிழ்ச்சியுடன்,
அருமைநாயகம்

*

குத்துக்கல்வலசை
26-11-1961

அண்ணனுக்கு ஜெபமலர் எழுதுவது. பாப்பாவுக்குச் சளி பிடித்துக் குணமாகிவிட்டது. நான் சுகம்.

நீங்கள் அண்ணாச்சிக்கு எழுதிய கடிதம் புரட்டாசியிலேயே வந்துவிட்டது. ஐப்பசி மழை விட்டதும் குழு கூடியது. கடிதத்தை அண்ணாச்சி எழுந்து நின்று உரக்கப் படித்தாராம். படித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்களாம். பம்பாய் போயும் அருமைநாயகம் நம்மை மறக்கவில்லை, நாலும் தெரிந்து எழுதியிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்களாம். இவரும் போயிருந்தார். ஷமீம் பானுவின் வீட்டுக்காரர் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனார்.

அன்றைக்கே தீர்மானம் போட்டுவிட்டார்கள். பாடிப் போகிறவனுக்கு மாதச் சம்பளம். நீங்கள் சொன்னபடியே. இலத்தூர் சங்கிலிப்பாண்டிக்கு.

அவன் பேரில் தப்பு இல்லை. நல்ல பையன், எழுந்து வந்து இவர் காலைத் தொட்டான். தப்பு யார் பேரில் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இனி ஆடப் போகிறவன் அவன்தானே, அவனுக்குத்தானே கொடுப்பார்கள்? ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆவணியிலேயே சொல்லிவிட்டார், இந்தக் கால் இனி மடங்காது, ஓட முடியாது, பாரம் தூக்க முடியாது என்று. நான்தான் பிசகிவிட்டது என்று உங்களுக்கு எழுதினேன். நீங்கள் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுத மனசு வரவில்லை.

கூட்டத்தில் யாராவது ஞானதுரை என்று சொல்வார்கள் என்று இவர் எதிர்பார்த்திருக்கிறார். இவராகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, “மச்சான் எழுதினதுல என் பேரு இருக்கும்னு நெனைச்சேன்” என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குத்தான் அண்ணா இவர் அழுததைப் பார்த்தேன். காலை முறித்துப் போட்டபோதுகூட அழாதவர்.

மண்டியில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். நான் ஷமீம் பானுவோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறேன். அவள்தான் கற்றுக்கொடுத்தாள். இலை வெட்டிக் கொடுக்க இவரும் பழகிவிட்டார். பட்டினியில்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். இனிமேல் சடுகுடு பற்றி எனக்கு எழுத வேண்டாம். கேட்கவும் வேண்டாம். உங்கள் கடிதத்தை இவருக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன். பெயர் எழுதவில்லை என்ற இடத்தையும் ‘தைப் பொங்கல் போட்டிக்குள் இறங்கிவிடுவார் அல்லவா’ என்ற வரியையும் விட்டுவிட்டுப் படித்தேன். அப்புறம் அந்தக் கடிதத்தில் படிக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஜெபமலர்

*

மாட்டுங்கா
10-12-1961

அன்புள்ள மலருக்கு அண்ணன் எழுதுவது.

இது ஐந்தாவது தாள். நாலைக் கிழித்துவிட்டேன். நீ சொன்னபடி அதைப் பற்றி எழுதவில்லை. எழுதாமல் பார்த்தால் எனக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இங்கே இப்போது குளிர். கிறிஸ்துமஸுக்குக் கடை வாசலில் நட்சத்திரம் கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போனேன், வந்து இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. தாதர் பக்கம் போகவில்லை. கோவிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நம் பக்கத்து நாசரேத்துக்காரர், ஊரில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு தங்கை, மாப்பிள்ளை, பாப்பா என்றேன். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அண்ணாச்சிக்கு இன்னொரு கடிதம் எழுதினேன், இந்தத் தடவை பெயரோடு. பதில் இல்லை. வருமென்றும் தோன்றவில்லை. முதலாளியிடம் சொல்லி என் சம்பளத்தில் மாதம் பதினைந்து ரூபாய் நேராக உனக்கே அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். பிறந்த வீட்டுச் சீர் என்று சொல்லாதே, என் பெயரைச் சொல்லியே அவரிடம் கொடு. பொங்கலுக்கு ஊருக்கு வரக் கேட்டிருக்கிறேன், முதலாளி பார்க்கலாம் என்றார். வந்தால் மாப்பிள்ளை எதிரில் எப்படி உட்காருவேன் என்று தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன்.

பாப்பா இப்போது என்னவெல்லாம் பேசுகிறாள்? பீடி சுற்றிச் சுற்றி உன் விரல் வலிக்கிறதா? வீட்டுக் கூரை இந்த மழையில் ஒழுகியதா?

மாப்பிள்ளையின் முழங்கால் எப்படி இருக்கிறது? வலதா இடதா என்றுகூட எனக்கு நினைவில்லை. உன் பழைய கடிதங்களை எடுத்தால் தெரிந்துவிடும், தலைமாட்டில்தான் இருக்கின்றன. எடுக்காமல் கேட்கிறேன். நீ எழுது.

அண்ணன்,
அருமைநாயகம்